நாவின் சோம்பல்: ஒரு மறுப்பு

சென்ற மாதம் ஒரு நூல் வெளியீட்டு விழா முடிந்து, பேசியவர்களும் கேட்டவர்களுமாக ஏழெட்டுப் பேர் ஒரு விடுதி அறையில் கூடியிருந்தோம். பேச்சு வழக்கம்போல் நாவலில் தொடங்கி, கவிதைக்குப் போய், யார் யாருடன் பேசுவதில்லை என்பதில் வந்து நின்றது. நடுவே ஓர் இடைவெளி விழுந்தபோது நாம் ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தோம்: உலகில் இத்தனை வகை பீர் இருக்க, நம் நண்பர்கள் ஒன்றையே ஏன் முப்பது ஆண்டுகளாகக் குடித்துவருகிறார்கள்? சிற்றிதழ் வட்டத்தில் நன்கறியப்பட்ட விமர்சகர் ஒருவர் உடனே தீர்ப்பளித்தார்: "பீர்ல ரெண்டே வகைதான் சார். கூலிங் இருக்கறது, கூலிங் இல்லாதது."

அறை சிரித்தது. நாமும் சிரித்தோம். ஊர் திரும்பும் பேருந்தில்தான் அந்தச் சிரிப்பு நமக்குக் கசக்கத் தொடங்கியது. சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. ஒரே பத்தாண்டில் எழுதிய இரு கவிஞர்களின் வரியமைப்புக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பன்னிரண்டு பக்கத்துக்கு விளக்கக் கூடியவர். ஒரு மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் மூன்று இதழுக்குக் கடிதம் எழுதுபவர். அத்தகையவர் தம் நாவைப் பொறுத்தவரை ஐஸ்பெட்டிக்கு உள்ளே, வெளியே என்ற இரண்டு வகையோடு நிறைவடைந்துவிடுகிறார். அதைப் பெருமையாகவும் சொல்கிறார். இந்தப் பெருமையைத்தான் நாம் மறுக்கிறோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட்டு மேலே செல்வோம். குடிக்காதவரைக் குடிக்கத் தூண்டுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவர்கள் நாம். குடிக்காமல் இருப்பவர் அப்படியே இருக்கட்டும். அவரோடு நமக்கு வழக்கு எதுவும் இல்லை. ஏற்கெனவே குடிப்பவர்களிடம், அதிலும் ரசனை என்ற சொல்லைத் தம் தொழிற்கருவியாகக் கொண்டவர்களிடம் மட்டுமே இது பேசுகிறது.

* * *

எதிர்த்தரப்பு வைக்கும் வாதங்கள் மூன்று. அன்றிரவு மூன்றையும் கேட்டோம்.

முதல் வாதம்: பிடித்தது ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்றைத் தேடுவானேன்?

வாதம் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் 'பிடித்தது' என்று சொல்ல வேண்டுமானால், பிடிக்காத ஒன்றையாவது அறிந்திருக்க வேண்டும் அல்லவா? நம் நண்பர்கள் குடிப்பது வெளிர்நிற லாகர் என்னும் ஒரே வகை. நிறுவனத்தின் பெயர் மாறும், புட்டியின் படம் மாறும், உள்ளே இருப்பதன் சுவை பெரும்பாலும் மாறாது. அதுவும் தொன்றுதொட்டு வந்ததன்று. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் ஜோசஃப் கிரோல் என்ற பவேரியர் வடித்த பொன்னிற பீரில் தொடங்கும் மரபு அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1838இல், ஊரில் காய்ச்சிய பீர் குடிக்க லாயக்கில்லை என்று பில்சன் நகரத்தார் பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டிக் கவிழ்த்தார்கள். பழக்கமானதே போதும் என்று அவர்கள் இருந்திருந்தால், நம் நண்பர் இன்று விசுவாசம் காட்டும் பானமே பிறந்திராது.

'லாகர்' என்ற சொல்லுக்கு வேர் ஜெர்மன் மொழியில் உள்ளது. சேமிப்பில் வைத்தல் என்பது பொருள். குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடத்தித் தெளியவைப்பதால் அப்பெயர். அதில் வேலை செய்யும் ஈஸ்ட் குளிரில் மெதுவாக இயங்குவது. 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் இந்த ஈஸ்ட்டைத் தனித்துப் பிரித்தெடுத்தார். அது ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்றை ஒத்த காட்டு இனம் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் வாழ்கிறது என்பது 2011இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. 'வெறும் பீர்' என்று நண்பர் ஒதுக்கித் தள்ளும் பொருளுக்குள் இவ்வளவு கதை இருக்கிறது. தமக்குப் பிடித்ததையும் அவர் அறியார் என்பதே நம் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது வாதம்: வகை தேடுவது மேட்டிமைத்தனம், உழைத்துக் களைத்தவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?

உழைக்கும் மக்களின் பெயரால் பேசுவோர், பீர் வகைகளைப் படைத்தவர்கள் யார் என்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும். போர்ட்டர் என்ற கரிய பீர் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்கும் தொழிலாளர் குடித்தது. பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். பெல்ஜியத்தின் சேசோன் பண்ணைகளில் பிறந்தது. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய சிற்றூர்களின் லாம்பிக், உழவர்கள் அருந்திய புளிப்பு பீர். அரண்மனைக்குரியதாக இருந்தது ஒன்று உண்டு, அது பவேரியாவின் கோதுமை பீர். 1516ஆம் ஆண்டுச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், நீர் தவிர வேறொன்றும் கூடாது என்று விதித்தது. கோதுமையில் வடிக்கும் உரிமையை ஆளும் குடும்பம் பின்னர்த் தன் கையில் வைத்துக்கொண்டது. 1872இல்தான் கியோர்க் ஷ்னைடர் என்ற வடிப்பாளர் அரசரிடமிருந்து அவ்வுரிமையைப் பெற்றார். ஆக, மேட்டிமை இருந்த இடத்தில் வகைகள் பூட்டிவைக்கப்பட்டன. பூட்டு திறந்தபோது அவை எல்லோருக்கும் கிடைத்தன. சாதாரண மனிதனுக்கு ஒன்றே போதும் என்று முடிவு செய்யும் விமர்சகர், பூட்டு வைத்திருந்த கோமகனின் பக்கம் நிற்கிறார்.

மூன்றாவது வாதம்: இது நமக்கு அந்நியம், தமிழனுக்கு ஏது பீர் மரபு?

தமிழாசிரியர்களாகிய நமக்கு மிகுந்த வருத்தம் தந்த வாதம் இதுதான். பெரும்பாணாற்றுப்படையை அந்த அறையில் இருந்த ஐவராவது படித்தவர்கள். வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் பகுதியில் அங்கே ஒரு செய்முறையே இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவைத்து, புற்றாஞ்சோறு போலத் தோன்றும் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து அரித்தெடுக்கிறார்கள். தானியத்தைச் சமைத்து, நொதிக்கவைத்து, வடித்தெடுப்பது. பீருக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன வேண்டும்?

சொற்களைப் பாருங்கள். கள், நறவு, தேறல், தோப்பி, பிழி, அரியல், மட்டு. தெளிந்தது தேறல். அரித்தெடுத்தது அரியல். பிழிந்தது பிழி. வீட்டிலேயே வடித்த தோப்பிக்குத் தனிப் பெயர் இருந்தது. எப்படிச் செய்தார்கள் என்பதைப் பெயரிலேயே வைத்திருந்த மொழி இது. இத்தனை சொற்களை வைத்திருந்த மொழியில் இன்று மிஞ்சியவை 'கூலிங்', 'கூலிங் இல்லை', 'ஸ்ட்ராங்' என்ற மூன்று. அந்நியமாகிப் போனது பீரா, நாமா?

* * *

2018இல் ஒரு பணிக்காக ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் தமிழியல் கற்பிக்கப்பட்டதையும், அங்கே தமிழ் நூல்கள் பெருந்தொகுப்பாகச் சேர்ந்திருப்பதையும் வாசகர்களில் பலர் அறிவர். பகலில் நூலகம், மாலையில் ஊர்சுற்றல். நமக்கு இடம் கொடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் புலம்பெயர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்நகரிலேயே வாழும் ஈழத்தமிழர்.

கொலோனின் பீருக்குக் கோல்ஷ் என்று பெயர். இளம் மஞ்சள் நிறம், மென்மையான உடல், 200 மில்லி கொள்ளும் ஒடுங்கிய நீண்ட குவளை. அந்நகரத்தின் 24 வடிப்பகங்கள் 1986இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, எது கோல்ஷ், யார் அப்பெயரைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தன. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்பும் உண்டு. அங்கே பரிமாறுபவர் நம்மைக் கேட்கமாட்டார். குவளை காலியானால் அடுத்ததை வைத்துவிட்டு, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். முதல் நாள் மூன்றாவது குவளையை எப்படி மறுப்பது என்று தெரியாமல் விழித்தோம். நண்பர் சிரித்தார்: "கிளாசுக்கு மேல அந்த மட்டைய வையுங்கோ சேர். இல்லாட்டி அவன் கொண்டுவந்துகொண்டே இருப்பான்."

அங்கிருந்து ரைன் ஆற்றின் வழியே 40 கிலோமீட்டர் தொலைவில் டுசல்டார்ஃப். அந்நகரத்தின் பீர் ஆல்ட். செம்பு கலந்த பழுப்பு நிறம், அழுத்தமான கசப்பு, குட்டையான குவளை. இரு நகரத்தாரும் ஒருவர் பீரை ஒருவர் கேலி செய்வதை நூற்றாண்டு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். நம் நண்பர் பூநகரியில் பிறந்தவர். ஆயினும் இந்தப் பகையை முழுமையாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஆல்ட் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டோம். "சீச்சீ. அது அவங்கட. எங்கட இல்ல." கால் நூற்றாண்டாக அரைமணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ஒன்றை அவர் நாவில் வைத்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்தி அழைத்துப்போனோம். பழைய நகரப் பகுதியில், மரப்பீப்பாயிலிருந்து நேரே குவளைக்குப் பிடித்துத் தரும் ஒரு மதுக்கூடத்தில் நின்றுகொண்டே குடித்தோம். நண்பர் முதல் மிடறில் முகம் சுளித்தார். இரண்டாவதில் பேசவில்லை. பாதிக் குவளை கடந்தபோது சொன்னார்: "பாணின்ட கருகின ஓரம் மாதிரி ஒரு மணம் கிடக்கு சேர்." மிகச் சரியான விமர்சனம். வறுத்த முளைதானியத்தின் மணம் அது. நூல்களில் படித்துவிட்டுப் பேசும் நம்மால் அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது.

அவர் ஆல்ட்டின் அடியவராகிவிடவில்லை. அன்றிரவு கொலோன் திரும்பி, வழக்கமான இடத்தில் வழக்கமான கோல்ஷையே வாங்கினார். ஆனால் முதல் மிடறோடு நிறுத்திக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுக்குள்ள ஒரு பழ மணம் இருக்கு. இவ்வளவு நாளும் எனக்குத் தெரியேல்ல."

இருந்தது உண்மைதான். கோல்ஷ் லாகர் போலத் தோன்றினாலும் லாகர் அன்று. மிதமான வெப்பத்தில் இயங்கும் மேல்நொதி ஈஸ்ட்டால் நொதிக்கவைத்து, பிறகு லாகரைப் போலக் குளிரில் தெளியவைக்கப்படுவது. அந்த ஈஸ்ட்டின் கொடையாக மெல்லிய பழ மணம் அதில் தங்கும். ஆல்ட்டும் அதே வழியில்தான் வடிக்கப்படுகிறது; நிறமும் கசப்பும் வேறு, பிறப்புமுறை ஒன்று. நூற்றாண்டுப் பகையாளிகள் உண்மையில் உடன்பிறந்தார். (திணைமயக்கம் நடத்தும்போது நமக்கு இப்போதெல்லாம் இந்த இரண்டு குவளைகளும் நினைவுக்கு வருகின்றன. மாணவர்களிடம் சொல்வதில்லை.)

புதியதைத் தேடினால் பழையதைத் துறக்க வேண்டும் என்ற அச்சம் எவ்வளவு பொய்யானது என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று இந்த நண்பர்தான். அவர் இழந்தது எதுவும் இல்லை. கால் நூற்றாண்டு குடித்த பீரை அன்றுதான் முதன்முறையாகச் சுவைத்தார்.

* * *

இனி மறுபக்கத்தாரையும் விட்டுவைக்கலாகாது. வகைதேடுவோர் என்ற பெயரில் இன்னொரு கூட்டம் வளர்ந்திருக்கிறது. இவர்கள் குவளையைப் படம் பிடிப்பார்கள், ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இடுவார்கள், ஒரே மாலையில் பன்னிரண்டு சிறுகுவளைகளை வரிசையில் அடுக்கி முடித்துவிட்டு, இன்று பன்னிரண்டு வகை அறிந்தோம் என்பார்கள். ஒரு நாளில் நூறு நூல்களின் பின்னட்டையைப் படித்தவரை வாசகர் என்று நாம் சொல்வோமா? ஒன்றையே குடிப்பவர் நாவை மூடிவைத்திருக்கிறார். இவர் நாவைப் பதிவேடாக்கி வைத்திருக்கிறார். இருவருக்கும் சுவையோடு உறவு இல்லை.

வகைகளின் இலக்கணத்தைப் பிடித்துத் தொங்குவோரும் இக்கூட்டத்தில் அடக்கம். 'இந்த வகைக்கு இந்த நிறமே உரியது, இது அவ்வகை ஆகாது' என்று குவளைக்கு முன் உட்கார்ந்து வழக்காடுவார்கள். பீரை வகைவகையாகப் பிரித்துப் பேசும் இன்றைய முறை பரவியதற்கு, 1977இல் உலக பீர்களுக்கான வழிகாட்டி நூலை எழுதிய மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் பெரிதும் காரணம் (பாடகர் வேறு, இவர் வேறு). வகைப்பாடு அவர் கையில் ஊர்களை அறிமுகப்படுத்தும் கருவியாக இருந்தது. வழித்தோன்றல்கள் அதைச் சட்டப் புத்தகமாக்கிவிட்டார்கள். இலக்கியத்துக்குப் பின்னால் வருவதே இலக்கணம் என்பதை நன்னூல் படித்த நாம் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

* * *

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? கண்டிப்பவர்கள் வழியும் சொல்ல வேண்டும்.

பொன்னியின் செல்வனோடு நின்றுவிட்ட மாணவர் ஆண்டுக்கு நான்கைந்து பேர் நம்மிடம் வருவார்கள். அடுத்து என்ன படிக்கலாம் என்பார்கள். எடுத்த எடுப்பில் கடினமான ஒன்றைக் கொடுத்து ஓடவிடுவது ஆசிரியருக்கு அழகன்று. கல்கியைப் போலவே இன்னொன்றைக் கொடுப்பதாலும் பயனில்லை. வரலாறுதானே பிடித்தது, வரலாற்றை வைத்துக்கொண்டு அரசர்களை விலக்குவோம் என்று பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' நாவலைக் கொடுப்போம். பிறகு கடலும் பயணமும் பிடித்தால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ஒரு படிக்கு ஒரு மாற்றம். நாவுக்கும் இதே வழிதான். பிடித்ததில் எது பிடித்தது என்று கேட்டு, அதை வைத்துக்கொண்டு வேறொன்றை மட்டும் மாற்றுவது.

லாகரின் தெளிவும் சுறுசுறுப்பும் பிடிக்குமா? அவற்றை விடாமல் கசப்பை மட்டும் ஒரு படி கூட்டுங்கள்: செக் நாட்டுப் பில்ஸ்னர். மென்மையான நீர், சாட்ஸ் பகுதி ஹாப்ஸின் பூமணம், சற்றே கனத்த தானியச் சுவை. தாய்வீட்டைப் பார்த்துவருவது போன்றது இது. நிறத்தை வைத்துக்கொண்டு ஈஸ்ட்டை மாற்றினால் கோல்ஷ்.

பவேரியக் கோதுமை பீருக்கு அடுத்துப் போகலாம். கலங்கலாக இருக்கும்; கெட்டுவிட்டதோ என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் ஒன்றும் உள்ளே சேர்க்கப்படவில்லை, ஈஸ்ட்டே அம்மணங்களை உண்டாக்குகிறது. பெல்ஜியத்தின் வெண்பீரிலோ உண்மையாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். ஹூகார்டன் என்ற சிற்றூரில் அவ்வகையின் கடைசி வடிப்பகம் 1957இல் மூடப்பட்டது. பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966இல் அதை மீண்டும் வடிக்கத் தொடங்கினார். மல்லி வறுக்கும் வீட்டில் வளர்ந்த நாவுக்கு அந்நியம் என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது? கடல் கடக்க வேண்டியதும் இல்லை. பெங்களூரில் சொந்தமாக வடித்துத் தரும் மதுக்கூடங்களில் கோதுமை பீர் எளிதில் கிடைக்கும்.

கறுப்பு நிறத்துக்கு அஞ்சுவோர் பலர். கறுப்பென்றால் கடுமை, கறுப்பென்றால் போதை என்ற பொதுப்புத்தி. உண்மை தலைகீழ். குழாயில் பிடித்துத் தரும் ஐரிஷ் கின்னஸ் ஸ்டவுட்டில் ஆல்ககால் 4.2 சதவீதம். நம்மூரில் பளிச்சென்ற பொன்னிறத்தில் விற்கும் 'ஸ்ட்ராங்' வகையிலோ 8 சதவீதம் வரை செல்லும். கறுப்பு வந்தது வறுத்த பார்லியால். சர்க்கரை குறைத்துக் கள்ளிச்சொட்டாய் டிகாஷன் இறக்கும் வீட்டுக்காரர்கள் ஸ்டவுட்டைக் கண்டு அஞ்சுவது வேடிக்கை.

கசப்பு பிடித்தவர் இந்தியா பேல் ஏல் என்பதற்குப் போகலாம். இந்தியாவுக்குக் கப்பலேற்றவென்றே ஒருவர் கண்டுபிடித்தார் என்ற கதை அழகானது. ஆனால் நம்பத் தக்கதன்று. வெளிர் ஏல் அதற்கு முன்பே இருந்தது. இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் போர்ட்டரும் ஏராளமாக வந்தது. பெயரில் நம் நாடு இருப்பதற்காக வாங்க வேண்டாம், ஹாப்ஸின் எலுமிச்சை மணத்துக்காகவும் பிசின் மணத்துக்காகவும் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த மணம் சில மாதங்களில் மங்கிவிடும். அலமாரியில் நெடுநாள் கிடந்த புட்டியைக் குடித்துவிட்டு வகையையே பழிக்கக் கூடாது. பாகற்காயும் சுண்டைவற்றலும் வேப்பம்பூ ரசமும் உண்டு வளர்ந்தவர்கள், பீரில் மட்டும் கசப்பு கூடாது என்பது அறுசுவைக்கு இழைக்கும் அநீதி.

கடைசியாகப் புளிப்பு. லைப்சிக் நகரத்துக் கோஸ என்ற வகையில் புளிப்பும் உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். முதல் மிடறில் நமக்கு நினைவுக்கு வந்தது பங்குனி வெயிலில் குடிக்கும் நீர்மோர். அதையும் தாண்டினால் லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் குளிர்காலத்தில் வடித்து, இரவு முழுவதும் திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் உலவும் நுண்ணுயிர்களே நொதிக்கவைக்கும்படி விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் என்று எதையும் தனியே சேர்ப்பதில்லை. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு பழகியவற்றைக் கலந்து புட்டியில் அடைத்தால் கூஸ். குதிரைக் கொட்டில் மணம் வருகிறது என்று சிலர் மூக்கைப் பொத்துவர். முந்தைய இரவின் சோற்றில் நீரூற்றிவைத்து, விடிந்ததும் தானாகப் புளித்த நீராகாரத்தைக் குடித்த தலைமுறைக்கு அது புரியாமல் போகாது. ஆனால் முதல் படியாக இதை வைக்காதீர்கள். கடைசிப் படியாக வையுங்கள்.

மூன்று விதிகளை மட்டும் சேர்த்துக்கொள்வோம். ஒரு வகையை முதல் குவளையில் தீர்ப்பிடாமல் வேறொரு நாளில் இன்னொரு முறை பாருங்கள். பற்கூசும் குளிரில் குடிக்காதீர்கள். குளிர் கூடக்கூட மணம் எழாது, நாவும் மரத்துப்போகும், 'கூலிங்' என்ற ஒற்றை அளவுகோல் மறைத்துவைத்திருப்பது இதைத்தான். ஒரு மாலைக்கு ஒரு புதியது போதும். அதற்குப் பிறகு உங்களுக்குப் பிடித்ததற்கே திரும்பிவிடுங்கள்.

* * *

இவ்வளவு சினம் எதற்கு, பீர்தானே என்று கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுவோம்.

நம் சித்தப்பா இருபது ஆண்டுகள் குடித்தார். நாற்பத்தொன்பது வயதில் கல்லீரல் கெட்டு இறந்தார். அவர் கடைசியாகக் கிடந்த மருத்துவமனையில் பதினோரு இரவுகள் உடனிருந்தோம். அவரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஒன்று உறுத்தும்: அந்த இருபது ஆண்டுகளில் ஒருநாளும் அவர் குடித்ததன் சுவையைப் பற்றி ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. சித்தி வைக்கும் மீன்குழம்பில் புளி அரைச்சுளை கூடினால் கண்டுபிடித்துவிடும் மனிதர். குடிப்பதை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினார். 'எத்தனை பர்சன்ட்' என்ற ஒரு கேள்விதான் அவருக்கு இருந்தது.

சுவையறிந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் சொல்லவில்லை. சுவையறிந்தவர்களும் குடிநோயில் மாண்டிருக்கிறார்கள். நோய்க்கு மருத்துவம் வேண்டும், ரசனை மருந்தாகாது. நாம் சொல்வது வேறு. குடியைப் போதையின் அளவு ஒன்றாலேயே அளக்கும் பழக்கத்தைச் சமூகம் முழுவதும் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி 'ஸ்ட்ராங்' என்ற வகையே. விற்பவர் அதையே விற்கிறார், வாங்குபவர் அதையே கேட்கிறார். 2003 முதல் தமிழகத்தில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மதுவிலக்கு வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் அதைப் பற்றி நாள்தோறும் பேசுகிறார்கள். வருவாய், வாக்கு, உயிரிழப்பு எல்லாம் பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவைதாம். என்ன குடிக்கிறோம், அது எப்படி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் நாகரிகமற்றதாகக் கருதப்படுகிறது. அக்கேள்வியைக் கேட்கும் தகுதியும் பயிற்சியும் உடையவர்கள் எழுத்தாளர்களும் விமர்சகர்களும். அவர்களே 'கூலிங் இருக்கறது, கூலிங் இல்லாதது' என்று சொல்லிச் சிரிக்கும்போது, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவரின் மௌனம் நமக்கு நினைவுக்கு வருகிறது. அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. இவர்களுக்குச் சொல் கிடைக்காமலா போயிற்று?

நம் விமர்சக நண்பருக்கு ஓர் அழைப்பு. அடுத்த நூல் வெளியீட்டு விழாவுக்கு நாம் ஒரு கோதுமை பீர் கொண்டுவருகிறோம். அதிகக் குளிரில்லாமல், அகன்ற குவளையில், இரண்டே மிடறு. பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் கவிதைக்குச் சொல்லும் அதே கண்டிப்போடு, உங்கள் சொற்களில், விரிவாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு உங்கள் பழைய புட்டியை நாமே திறந்து தருகிறோம்.